மில்லுக்குள் கட்டிய பச்சைத் திரை

நேற்றுப் பகல் ஃபோனுக்கு ரீலோட் போடப் போன கடையில், மழை தூறத் தொடங்கியதும் உமி வாசம் வந்தது. கடைக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். முன்னம் அந்த இடம் ஹாஜியாரின் நெல்லு மில். பின்சுவர் இன்னும் அந்தப் பழைய சுவர்தான். கிழவிக்கு மூக்குப் பிழை என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

அந்த வாசத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. ஏன் என்று கேளுங்க. எங்கள் சின்னப் பட்டினத்து மெதடிஸ்த தேவாலயத்துக்கு வரலாறு எழுதுகிறோம். அதாவது, நான் எழுதுகிறேன், சபைச் செயலாளர் வெட்டுகிறார். கட்டடம் எழும்பின கதை, மிஷன் பள்ளிக்கூடக் கதை எல்லாம் அவருக்குப் பிடித்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு ஏழு ஞாயிறு ஹாஜியாரின் மில்லுக்குள் ஆராதனை நடத்தினோம் என்ற பந்தியை மட்டும் சிவப்புப் பேனையால் கீறிவிட்டார். "ஆதாரம் இல்லாததப் போடேலாது டீச்சர்" என்றார். பதிவுப் புத்தகங்களைச் சுனாமி கொண்டுபோனது அவருக்குத் தெரியாதா? மில்லுக்குள் நான் இருந்தேனே, நான் ஆதாரமில்லையா?

சூறாவளியில் எங்கள் தேவாலயக் கூரை முழுக்கப் பறந்துவிட்டது. ஹாஜியாரின் மில்லுக்குத் தகரம் தப்பியிருந்தது. அவரே போதகரைத் தேடி வந்து, ஞாயிறு காலையில் மெஷினை நிற்பாட்டுகிறேன், வந்து தொழுங்கள் என்றார். முதல் ஞாயிறு போனால், நெல் மூட்டைகளை ஓரமாக அடுக்கி, கூட்டி, பாய் விரித்துக் கிடக்கிறது. நடுவில் தூணுக்குத் தூண் கயிறு இழுத்துப் பச்சைச் சீலையில் ஒரு திரை! பயான் பிரசங்கம் நடக்கிற இடத்தில் கட்டுகிற மாதிரி, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நாங்களோ குடும்பம் குடும்பமாக ஒரே மர வாங்கில் இருந்து பழகிய ஆட்கள். வாசலில் நின்று ஆளை ஆள் பார்த்தோம். போதகரின் மனைவிதான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் இருந்தா.

"பாடுபட்டுக் கட்டியிருக்காங்க. வந்து இருங்க" என்றா.

இருந்தோம். போதகரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வந்தது. கண் அயர்ந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு வசதி. பாட்டுத் தொடங்கினதும்தான் கூத்து. ஆண்கள் ஒரு அடி முந்தி, நாங்கள் ஒரு அடி பிந்தி. யார் விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொண்டையை உயர்த்தினோம். வீடிழந்த சனம், அந்தக் கிழமைதான் பிள்ளையைப் புதைத்த சனம், அப்படிப் பாடினது. அப்படியொரு பாட்டை நான் பிறகு கேட்கவேயில்லை. அடுத்த ஞாயிறு திரை இல்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

நேற்றுக் கடையிலிருந்து நேரே ஹாஜியாரின் மகள் சபியா வீட்டுக்குப் போனேன். ஹாஜியார் மவுத்தாகிக் கனகாலம். சபியாவுக்கு என் வயதுதான். தெருவில் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போகிறவ. பெருமைக்காரி என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணி தந்தா. திரையைப் பற்றிக் கேட்டதும் அவவின் முகம் சுருங்கிப்போனது.

"நாந்தான் கட்டினன், டீச்சர். அவங்கட முற வேற எண்டு வாப்பா ஏசி அவுத்துப்போட்டாரு. நீங்க எல்லாரும் மனம் நொந்திட்டீங்க எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சன்."

பெருமைக்காரி என்று சொன்னதுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்க விடவில்லை, அழுதுவிட்டா. நானும்தான்.

பந்தியைத் திரும்ப எழுதியாயிற்று. திரையையும் சேர்த்தேன், கட்டினவவின் பெயரையும் சேர்த்தேன். கீழே என் கையெழுத்து, பக்கத்தில் சபியாவின் கையெழுத்து. செயலாளர் இனிச் சிவப்புப் பேனையைத் திறந்தால், எழுதினவ என்று முதல் பக்கத்தில் கிடக்கிற என் பெயரையும் வெட்டட்டும். அவரிடம் சொல்லிவிட்டேன்.

மில் இல்லை. ஹாஜியார் இல்லை. அந்தப் பச்சைச் சீலை எந்தப் பெட்டிக்குள் மக்கிப்போனதோ, சபியாவுக்கும் நினைவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள் ஊரை விட்டும் உலகத்தை விட்டும் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்களில் நான் மட்டும் மிச்சம். கட்டினவ இருக்கிறா. நாங்கள் இரண்டு பேரும் போக முதல் அந்தப் பந்தி அச்சில் ஏறவேண்டும்.