வேட்டுக்காரன் கேட்ட நாய்

எங்கள் ஊரில் ஒரு உயிர் போனால், மேளத்துக்குச் சொல்லும் முன்னால் சின்னராசுவுக்குத்தான் ஆள் போகும். பாடைக்கு முன்னால் நடந்துகொண்டே சுடுகாடு வரைக்கும் நாட்டு வேட்டு போடுகிறவன் அவன். அவன் அப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்து வேலை அது. மற்ற நாளில் கரும்பு வெட்டுவான், வரப்பு கழிப்பான், கச்சிராயபாளையம் பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போவான். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கிடையாது. திரி பற்றிய வேட்டு கையை விட்டுப் போகும் முன்னால் வெடித்ததில் போனவை.

வேட்டுக்காரன் என்றால் தொண்டை கிழியப் பேசுவான் என்று நினைப்பீர்கள். இவன் பேசினால் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். நடப்பதும் அப்படித்தான், பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. கட்டிய பெண்டாட்டியை ஊருக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கோமுகி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் பார்க்கிறேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு அவள் திருவிழாவுக்கும் வரவில்லை, நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. அடைத்து வைத்து அடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். சத்தமில்லாத மனுஷனைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம்தான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, எங்கள் நாயைக் கேட்டான்.

நாயின் பெயர் பொட்டு. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் புள்ளி. என் மருமகள் கண்ணகி குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்தது. கோழியைக்கூடத் துரத்தாது. ஆனால் எங்கள் வீடு இருப்பது சுடுகாட்டுக்குப் போகிற பாதையில். சாவு மேளம் தூரத்தில் கேட்டாலே அதற்கு உடம்பு உதற ஆரம்பித்துவிடும். வேட்டு விழுந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். நகம் பிய்ந்து ரத்தம் வருகிற வரைக்கும் சுவரைப் பிராண்டும். பயந்த குழந்தைக்குச் செய்கிற மாதிரி மந்திரித்த விபூதி போட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறும் கட்டிப் பார்த்தோம். கயிற்றையும் கடித்துத் துப்பிவிட்டது.

தை மாதம் தெருக்கோடியில் ஒரு சாவு. அன்றைக்குப் பொட்டுவை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம். வாசலில் விழுந்த முதல் வேட்டுக்கே கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் சின்னராசுவின் கெண்டைக்காலைக் கவ்வியது. அவன் உதறியதும், பாடை தூக்கி வந்தவர்களின் காலுக்குள் புகுந்துவிட்டது. முன்னால் தூக்கியவன் தடுமாறினான். பாடை சாய்ந்து, பிணத்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியதைத் தெருவே பார்த்தது.

பாடை எந்த வீட்டுப் பக்கம் சாய்கிறதோ, அடுத்த சாவு அந்த வீட்டில் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது சாய்ந்தது சடையன் வீட்டுப் பக்கம். அங்கே அவன் அப்பா கந்தசாமி ஏற்கெனவே படுத்த படுக்கை.

மறுநாள் காலையில் சடையன் வந்தான்.

“ஆயா, எங்கப்பனுக்கு நாள் நெருங்கிக்கினு இருக்குது. அன்னைக்கு உன் நாய் குறுக்க வந்துச்சின்னா, ஒரே குழியில ரெண்டையும் போட்டு மூடிட்டுதான் வருவேன்.”

“உங்கப்பன் எனக்கு பங்காளி மொறடா. நாய் வராது, போ.”

“வராதுன்னு எழுதிக் குடுப்பியா?”

“எனக்கு எழுதத் தெரியாதுன்னு தெரிஞ்சிக்கினுதானே கேக்குற?”

அவன் சிரிக்காமல் போனதுதான் எனக்கு உறுத்தியது. அந்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு நாய் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. கறியில் குருணை மருந்தைக் கலந்து போட்டிருக்கிறார்கள் என்றார்கள். யார் போட்டது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கண்ணகி பொட்டுவைக் கயிற்றோடு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பாத்திரம் துலக்கினாள்.

“மலைக்கு அனுப்பிடலாம் அத்த,” என்றாள்.

கல்வராயன் மலையில் வீரமுத்து என்று ஒருவர் எங்களுக்குப் பழக்கம், மரவள்ளி போடுகிறவர். போன சித்திரையில் அவர் வீட்டில் தங்கியிருந்தோம். இலை விழுந்தாலும் கேட்கும், அவ்வளவு அமைதி. அதை நம்பி ஜீப்பில் ஏற்றிவிட்டோம். சித்திரையில் காட்டில் கிழங்கே இருக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாசியில் கிழங்கு முற்றி நிற்கும். அதைத் தோண்டப் பன்றி இறங்கும். பன்றியை விரட்ட ராவெல்லாம் வெடி போடுவார்கள்.

வீரமுத்துவே நாயைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். விலா எலும்பு தெரிந்தது. கண்ணகி கூப்பிட்டும் அவளை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது.

“உங்க ஊர்ல எவனாவது செத்தாதாங்க வெடி. எங்களுக்கு பன்னி வந்தாலே வெடி,” என்றார் அவர். பாவம், ஒரு படி தினையும் கொண்டுவந்திருந்தார், நாய் இளைத்ததற்கு ஈடு மாதிரி.

அதற்குள் கந்தசாமிக்குத் தண்ணீர் இறங்குவது நின்றுவிட்டது. சடையன் வீட்டு வாசலில் பந்தலுக்கு மூங்கில் கழி வந்து இறங்கிவிட்டது. அந்த மனுஷன் மூச்சு நிற்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் விளக்கேற்றினோம். சொந்தப் பிள்ளைகள்கூட அவருக்காக அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் சின்னராசு வந்து நின்றான். வாசலில் கால் வைத்ததுமே பொட்டு பல்லைக் காட்டி உறுமியது.

“அந்த நாய எனக்குக் குடுத்துடு ஆயா.”

“கால் ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சி. தழும்புதான்.”

“அதுக்குப் பழி தீத்துக்கப் போறியா?”

“எங்க வூடு அமைதியா இருக்கும் ஆயா.”

“வேட்டுக்காரன் வூடு அமைதியா இருக்கும்னு இப்பதான் கேள்விப்படுறேன். நீ போ.”

அவன் போனதும் கண்ணகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  “குடுத்துடாதீங்க அத்த. சடையன்தான் அனுப்பியிருப்பாரு.” எனக்கும் அதே நினைப்புதான்.

மறுநாள் விடிந்ததும் சடையன் வீட்டில் சங்கு ஊதிவிட்டார்கள். பொட்டு அடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்தது. வெளியே வந்து பார்த்தேன். சடையனின் மச்சான்கள் மூன்று பேர் கையில் மூங்கில் கழியோடு எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்தல் போட வந்த கழிதான் என்றாலும், பந்தல் போடுகிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான்.

சின்னராசு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் வந்தான். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு கோணிப்பை இருந்தது.

“பொணம் எடுக்க சாயங்காலம் ஆவும். மேளம் வந்துட்டா அப்புறம் நாய் ஒன் கையில நிக்காது. இப்பவே குடுத்துடு.”

இங்கே இருந்தால் அந்தக் கழி. போனால் இவன் கோணி. எது பயம் கம்மி என்று எனக்குத் தெரியவில்லை.

“நானும் வருவேன்,” என்றேன்.

“வா.”

கண்ணகியின் பழைய புடவையில் பொட்டுவைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அது அவன் முதுகைப் பார்த்து உறுமிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. ஒரு மனிதர்கூட எதிரில் வரவில்லை. வண்டி வாய்க்கால் கரையில் நின்றது.

“எதுக்கு நிறுத்துன?” என்றேன். அவன் கோணியை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினான். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வாய்க்கால் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. நாயைக் கோணியில் கட்டி அதில் விட்டால் சத்தமே வராது. கேட்பதற்கும் அங்கே ஆள் இல்லை. இந்த வயதில் என்னால் ஓடவும் முடியாது. நாயை ஒரு கையில் அணைத்துக்கொண்டு இறங்கி, கீழே கிடந்த கல்லில் பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிட்டே வந்தால் மண்டையிலேயே போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவன் கோணிக்குள் கையை விட்டு ஒரு சோப்பை எடுத்தான். பிறகு ஒரு லுங்கி, ஒரு சட்டை.

தண்ணீரில் இறங்கித் தலை முழுகினான். தலை, கழுத்து, நகக்கண் என்று மீன் கழுவுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்துக் குளித்தான்.

“சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்து முழுவுவாங்க. போறதுக்கு முன்னாலயே முழுவுறவன இப்பதான்டா பாக்குறேன்.”

“நேத்து ஒரு சாவுக்குப் போட்ட வேட்டு மருந்து வாசன ஒடம்புல நிக்குது ஆயா, இன்னும் வூட்டுக்குப் போவல. இதோட வூட்டுக்குள்ள போறதில்ல.”

அவிழ்த்த சட்டையைப் புங்கமரக் கிளையில் மாட்டிவிட்டு மாற்றுச் சட்டையில் மேலே வந்தான். அப்போதுதான் கவனித்தேன், புடவைக்குள் உறுமல் நின்றிருந்தது. பொட்டு மூக்கை நீட்டி, விரல் இல்லாத அந்தக் கையை மோந்து பார்த்தது. பார்த்துவிட்டுப் புடவைக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

கையில் எதற்குக் கல் என்று அவன் கேட்கவில்லை. நானும் கீழே போடவில்லை.

தோப்பு வருவதற்கு வெகுதூரம் முன்பே மொபெட்டை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தான். கதவு நிலையில் சாக்கை மடித்து வைத்து ஆணி அடித்திருந்தது, காற்றில் கதவு அடித்துக்கொண்டாலும் சத்தம் வராமல் இருக்க. சமைக்கிற இடத்தில் ஒரு எவர்சில்வர் தட்டுகூட இல்லை. எல்லாம் மண்ணும் பிளாஸ்டிக்கும். மாமரத்தடிக் கட்டிலில் அவன் பெண்டாட்டி அருள்மொழி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் அடித்த தடம் ஒன்றும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குச் சொன்னான், அவன் விரல் போன அன்றைக்குச் சோறு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள். வயிற்றில் இருந்த பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மூடி கீழே விழுந்தாலும் அவளுக்கு உடம்பு உதறும், நாள் முழுக்கப் பேச்சு வராது. அதை அவன் அதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பைத்தியம் என்று பேர் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரை எனக்குத் தெரியாதா.

“அப்புறமும் ஏன்டா அந்த வேலைய வுடல?”

“நா வுட்டா வேற எவனாவது போடுவான். காத்து இந்தத் தோப்புப் பக்கம் அடிக்குதான்னு அவன் பாப்பானா? நா பாத்துப் போடுவேன். எங்கெங்க எத்தினி போடப் போறேன்னு இவகிட்ட மொதல்லயே சொல்லிட்டுதான் போவேன்.” அன்றைக்கும் சொன்னான், அவள் காதோரம் குனிந்து. பிறகு கந்தசாமிக்கு வேட்டு போடக் கிளம்பினான்.

பொட்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. அருள்மொழி அதைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான் மடியில் கல்லோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் முதல் வேட்டு கேட்டது. அவ்வளவு தூரத்துக்கு அது யாரோ மூட்டையைக் கீழே போட்ட மாதிரிதான் வந்தது. ஆனாலும் கட்டிலுக்கு அடியில் நகம் தரையில் பரபரவென்று ஓடியது. அருள்மொழியின் முழங்கால் ஆடியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். பொட்டு ஓடிவிடும், இந்தக் கரும்புக்குள் ஓடினால் பிணமாகத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்துப் பேசினாள். 

“இது சடையன் வூட்டு வாசல். இப்ப ஒண்ணு வரும், அது தெருமுக்கு.”

வந்தது.

“அடுத்தது கொளத்தாண்ட. கொஞ்சம் நேரம் ஆவும். வரும், பயந்துக்கோ. ஆனா ஓடாத.”

வந்தது. அவளும் உதறினாள், அதுவும் உதறியது. ஆனால் சொன்ன பிறகு வந்ததால்தானோ என்னவோ, நகச் சத்தம் கேட்கவில்லை. கட்டிலுக்கு வெளியே ஒரு கறுப்பு மூக்கு வந்து அவள் கணுக்காலில் பட்டு நின்றது.

“அவ்ளோதான். இனிமே இல்ல,” என்றாள். யாருக்குச் சொன்னாளோ.

இருட்டுகிற நேரத்துக்கு சின்னராசு வந்தான். வாய்க்காலில் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் தோப்பு வாசலில் பொட்டு உறுமியது. அவன் தன் தோளை மோந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வாய்க்காலுக்கே போனான்.

பொட்டு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்குமே போகவில்லை. மாதம் ஒரு தரம் கண்ணகியும் நானும் போய்ப் பார்க்கிறோம். வாசனை சரியில்லை என்று நாய் திருப்பி அனுப்பி, ஒரே நாளில் மூன்று முழுக்குப் போட்டதாக அவன் ஒரு தரம் குறை சொன்னான். “இவளாவது பரவால்ல ஆயா. இந்த நாய்க்கு கெடுபிடி இன்னும் ஜாஸ்தி.”

அவனைச் சந்தேகப்பட்டேன் என்று கண்ணகி இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறாள். கரும்புக்காட்டில் கோணியோடு ஒருவன் வண்டியை நிறுத்தினால் நீ கல்லை எடுக்காமல் என்ன செய்வாய் என்று கேட்டேன். அன்றைக்கு “குடுத்துடாதீங்க அத்த” என்று என் கையைப் பிடித்தவளும் அவள்தான்.

போன வாரம் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “நா செத்தா எனக்கு வேட்டு கூடாது சின்னராசு.”

“நா போடலன்னா ஒம் புள்ள சின்னசேலத்துலேருந்து வேற ஆள கூட்டியாருவான் ஆயா. அவன் வாசல்லயே போடுவான்.”

யோசித்துப் பார்த்தேன். என் மகன் அப்படிச் செய்யக்கூடியவன்தான்.

“சரி, நீயே போடு. ஆனா அருள்மொழிகிட்ட சொல்லிட்டு வா. அவ பொட்டுகிட்ட சொல்லிடுவா.”