பூனைக்கு வீடு பார்த்த மஞ்சுளா அக்கா

காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது திருச்சானூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் முனிரத்தினம், மஞ்சுளா அக்காவின் தம்பி. "உமாம்மா, அக்கா பூட்சி" என்றார். "நேத்து என் வூட்டுக்கு வந்துச்சி. துன்னுட்டு நல்லாதான் பேசிக்கினு இருந்துச்சி. காலீல காபி எடுத்துனு போயி எழுப்புனா எந்திரிக்கல." கையில் இருந்த ஈரப் புடவையைக் கொடியில் எப்படியோ போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மகள் ஹரிணி மேலே வந்தாள். சொன்னேன். அவள் அந்தப் புடவையை எடுத்து உதறி, ஓரம் பிடித்து நேராகக் காயப்போட்டாள். பிறகு, "இப்பவே கெளம்பலாம்மா" என்றாள்.

மாம்பழக்கூழ் எடுக்கும் சித்தூர் பல்ப் ஃபேக்டரியில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு மஞ்சுளா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரிடம் பூனை வாங்கிப்போன வீட்டுக்காரர்களுக்கும் வேண்டியதில்லை. இரு தரப்பாரும் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாம்பழம் வரும் மாதங்களில் எங்கள் ஃபேக்டரி இரவும் பகலும் ஓடும். லாரியில் வந்து இறங்கும் பழத்தில் அழுகலைப் பொறுக்கி எறியும் பெண்களுக்கு அக்காதான் சூப்பர்வைசர். நான் அதே ஃபேக்டரியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குரல் என் மேஜைவரை கேட்கும். யாரையும் திட்டமாட்டார். ஆனால் சாதாரணமாகப் பேசினாலே திட்டுவதுபோல இருக்கும்.

கொட்டையும் தோலும் குவியும் இடத்தில் எலி வரும். எலிக்காகப் பூனை வரும். பெண்கள் மதியம் சாப்பிட்டு மீதி வைப்பதால் வந்த பூனை அங்கேயே தங்கிவிடும். சீசன் முடிந்ததும் மெஷினைக் கழுவி மூடிவிட்டு எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவோம். ஒரு வருஷம் அப்படிப் போனபிறகு, மறந்து வைத்த டிபன் கேரியரை எடுக்க அக்கா திரும்பி வந்திருக்கிறார். மத்தியான வேளை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். ஷெட்டில், பெண்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், பூனைகள் எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்திருந்தனவாம். "யாருமே இல்ல உமா. அதுங்க மட்டும் உக்காந்துகினு வழியப் பாத்துகினு கீது. எனக்குக் காலே நவுரல" என்று என்னிடம் சொன்னார். அந்த வருஷத்திலிருந்துதான் சீசன் முடிகிற சமயத்தில் அக்கா பூனைகளுக்கு வீடு பார்க்க ஆரம்பித்தார்.

வீடு பார்ப்பது என்றால் உண்மையாகவே பார்ப்பது. பெண் கொடுக்கும் வீட்டில்கூட அவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவார்கள், அடுத்த வீட்டில் நாய் உண்டா, எல்லாம் கேட்பார். பூனைக்குப் பெயர் மட்டும் வைக்கமாட்டார். "பேரு வெக்கிறது கூட்டினு போறவங்க வேல" என்பார். யாரோ ஒரு தடவை, பூனைகளெல்லாம் உனக்குப் பிள்ளைகள் மாதிரி என்று உருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா சிரித்துவிட்டார். "நான் பெத்தது பெங்களூர்ல வேலைக்குப் போய்க்கினு கீது. இதுங்க பூனைங்க."

ஹரிணி ஏழாம் வகுப்பு படித்தபோது பூனை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். என் கணவர் சேகருக்கு விருப்பமில்லை. ஆனாலும் மகள் கேட்டு அவர் மறுத்ததில்லை. சீசன் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனோம். சந்தன நிறத்தில் ஒரு குட்டி, முகம் பொம்மைபோல இருந்தது, காலி டிரம்களுக்கு நடுவே துள்ளிக்கொண்டிருந்தது. ஹரிணி அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சற்றுத் தள்ளிச் சாக்கின்மேல் வரிவரியாக ஒரு வளர்ந்த பூனை, ஒரு காது நுனி கிழிந்தது, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

அக்கா எங்களை நிற்கவைத்துக் கேள்விகள் கேட்டார். பகலில் வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னோம். பிறகு என் கணவரைப் பார்த்து, "ஏம்ப்பா, நீங்க புரட்டாசி புடிக்கிறவங்கதான?" என்றார்.

"ஆமாக்கா. அந்த மாசம் முட்டகூட வூட்டுக்குள்ள வராது."

"நீங்க துன்ன மாட்டீங்க. அது துன்னும். மாசம் பூரா பால் சோத்த வெச்சா நிக்காது. ஒத்துக்கினா சொல்லு, இல்லன்னா வேணாம்."

என் கணவர் திருமலையை நோக்கிக் கும்பிடாத நாள் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஹரிணியைப் பார்த்தேன். கடைசியில், "வெளிய மாடிப்படியில வெச்சிக்கலாம்" என்று மெல்லச் சொன்னார். "அது போதும்" என்றார் அக்கா.

ஆனால் குட்டி விஷயத்தில் அவர் மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த வரிப்பூனைதான் பொருந்தும், பகலெல்லாம் தூங்குகிற ஜீவன் அது, குட்டி தனியாக இருந்தால் கத்தும் என்றார். ஹரிணியின் கண்ணில் நீர் நின்றது. அழகான குட்டியை விட்டுவிட்டுக் காது கிழிந்ததைக் கூட்டிப்போவதா என்று எனக்கும் தோன்றியது. "பழம் பொறுக்குற மாதிரி பூனையப் பொறுக்கக் கூடாது உமா. மேல பாத்தா தெரியாது" என்று என் காதருகே சொன்னவர், ஹரிணியின் தலையைத் தொட்டு, "சரி, கூட்டினு போ. ஒத்து வரலன்னா எங்கிட்ட சொல்லு" என்று குட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

ஹரிணி அதற்கு லட்டு என்று பெயர் வைத்தாள். நாங்கள் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போன பிறகு லட்டு கத்த ஆரம்பிக்கும். கீழ்வீட்டுக்காரர் வந்து சொன்னார். பிறகு வீட்டுக்காரம்மா வந்து சொன்னார். ஜன்னல் திரைச்சீலை முழுக்க நார்நாராகிவிட்டது. மாலையில் ஹரிணி வந்ததும் அவள் கையையும் காலையும் கடித்துக்கொண்டே இருக்கும். அவள் முழங்கையெல்லாம் கீறல். ஆனாலும் வாயைத் திறக்கமாட்டாள். தூங்கப்போகும்போது மட்டும் ஒருநாள் என்னிடம், "எனக்கு வளக்கத் தெரிலயாம்மா?" என்று கேட்டாள்.

அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே அவர் ஒருநாள் சாயங்காலம் வந்துவிட்டார். யார் வீட்டுக்குக் கொடுத்தாலும் சிறிது நாள் கழித்து இப்படி வந்துவிடுவார் என்று பிறகுதான் தெரிந்தது. காபி குடித்தார், ஊர்க்கதை பேசினார், லட்டுவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹரிணியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், "நீ ஒண்ணும் தப்பா வளக்கல கண்ணு. இதுக்குக் கடிச்சி வெளையாட இன்னொரு குட்டி வேணும். நீ பூனையாட்டம் கடிக்க முடியுமா?" என்றார். ஹரிணி சிரித்தாள், உடனே அழுதாள். அவள் அழுது முடியட்டும் என்று அக்கா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டின்மேல் வலையைக் கட்டி, அதற்குள் லட்டுவை வைத்துக்கொண்டு, அக்காவும் ஹரிணியும் நானும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். பூதலப்பட்டு தாண்டும்வரை அது விடாமல் கத்தியது. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "டிக்கெட் கேக்குது, குடு" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனோம். அங்கே முனிரத்தினத்தின் வளையல் கடைக்குப் பின்சந்தில் பூக்காரம்மா ஒருவர் வீடு. நாள் முழுவதும் வாசலில் உட்கார்ந்து பூ கட்டுகிறவர். வீட்டில் ஏற்கெனவே லட்டு வயதில் ஒரு குட்டி இருந்தது.

வாசலில் நின்று அக்கா ஹரிணியிடம், "இது உன் பூனை. குடுக்கிறது நீ. எல்லாம் நீயே கேளு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஹரிணி, "நீங்க ஊருக்குப் போனா யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்டாள்.

பூக்காரம்மா பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் பேசுகிறவர். "மேமு எக்கடிகி போதாம் பாப்பா? நாங்க எங்க போறது? ஊரே இங்கதான வந்துக்கினு கீது!" என்று சிரித்தார். ஹரிணி விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துத்தான் வலையை அவிழ்த்தாள். லட்டுவும் அந்தக் குட்டியும் ஒன்றையொன்று முறைத்தன, சீறின, பிறகு பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு உருண்டன. லட்டு ஒருமுறைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. ஹரிணிக்கு இல்லை. "எவ்ளோ நல்லா வெளையாடுதும்மா" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் அக்காவின் தோளில் சாய்ந்து சித்தூர்வரை தூங்கினாள்.

வரிப்பூனையைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கேட்காததால் அதைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். சில வாரம் கழித்து ஹரிணியே, "ஆன்ட்டி, அது இன்னும் கீதா?" என்று போனில் கேட்டாள். "கீது, தூங்கிக்கினு கீது" என்றார் அவர். அது எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. மிளகு என்று பெயர். நாங்கள் இல்லாத நேரமெல்லாம் தூங்கும், நாங்கள் வந்ததும் விழித்துக்கொள்ளும். அந்த முதல் புரட்டாசியில் என் கணவர், நெற்றியில் நாமம் கலையாமல், மூக்கைச் சுளித்துக்கொண்டு, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை மாடிப்படியில் வைத்துப் பிரித்த காட்சியை நான் மறக்கமாட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "பெருமாளே பாத்து சிரிச்சிருப்பாரு" என்றார்.

அக்காவின் கருமாதி விஜயபுரம் பக்கம் அவர் பிறந்த ஊரில் நடந்தது. வேர்க்கடலைக் காட்டை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஃபேக்டரிப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். இன்னொரு கூட்டமும் வந்தது. சித்தூர், புத்தூர், நகரி என்று பல ஊரிலிருந்து, ஒருவரையொருவர் தெரியாத குடும்பங்கள். எல்லாரும் அக்காவிடம் பூனை வாங்கினவர்கள். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் போனை எடுத்துத் தங்கள் பூனையின் படத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள். அழுத முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன், "எங்கம்மா இத்தினி பேர் வூட்டுக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

சாப்பாட்டுக்குப் பின் முனிரத்தினம் ஒரு பேச்சை எடுத்தார். அக்காவின் சித்தூர் வீட்டை இந்த மாதம் காலி செய்கிறார்கள். அங்கே அக்காவோடு இருந்த கிழட்டுக் கறுப்புப் பூனைக்கு ஃபேக்டரி வாட்ச்மேன்தான் இப்போது சோறு வைக்கிறார். மகன் இருப்பது ஒற்றை அறை. அதை யார் எடுத்துக்கொள்வது? நான்கைந்து பேர் நான் நீ என்றார்கள். நானும் கை தூக்கினேன். அக்காவின் பூனை என்றால் எனக்கு வேறு யோசனை வரவில்லை.

"வேணாம்மா" என்றாள் ஹரிணி. இப்போது இன்டர், அதாவது பிளஸ் ஒன், படிக்கிறாள். "மிளகு சேத்துக்காது. அதுவும் இல்லாம, இது எப்பவும் ஆன்ட்டி பக்கத்துலயே உக்காந்து பழகினது. நம்ம வூட்டுல பகல்ல யாரு கீறாங்க?" பிறகு முனிரத்தினத்தைப் பார்த்து, "மாமா, நீங்க காலீலேர்ந்து கடையிலதான உக்காந்திருப்பீங்க?" என்றாள்.

அவர் பதறிவிட்டார். "என் கடையிலயா? அத்தினியும் கண்ணாடி வளையலும்மா!"

"அது குதிக்கிற வயசெல்லாம் தாண்டிட்சி மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அக்கா இருந்தா என்னை நம்பிக் குடுத்திருக்குமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"கேள்வி கேட்டுட்டுக் குடுத்திருக்கும்" என்றாள் ஹரிணி.

"அப்போ நீ கேளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். அந்த வாரமே சித்தூர் வந்து பூனையைத் தூக்கிப்போனார். இப்போது அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறதாம். கடைக்கு வருகிறவர்கள் வளையலை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள் என்று போனில் குறைபட்டுக்கொள்கிறார். தினம் ஒருமுறையாவது அந்தக் குறையைச் சொல்லாமல் அவருக்கு இருக்க முடியவில்லை.

மஞ்சுளா அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். கொடுத்த இடத்துக்குச் சில நாள் கழித்துப் போய், காபி குடித்துக்கொண்டே, கொடுத்த ஜீவனும் வாங்கினவர்களும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம். சரியாக இல்லையென்றால் யார்மேலும் குற்றம் சொல்லாமல் மாற்றிவைக்கும் மனசு. அவருக்கு அது இயல்பாகவே இருந்தது. எனக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திருச்சானூர் போகிறோம். பூனையைப் பார்க்க என்று ஹரிணி முனிரத்தினத்திடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் பார்க்கப் போவது அவரையும்தான்.