தோல் சீட்டும் துணி சீட்டும்

சங்கரன்கோவிலில் நான் கார் சீட் தைப்பவன். புளியங்குடிப் பணக்காரர் ஒருவர் இரண்டு பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீட் தைக்கத் தந்திருந்தார்; இங்கிலாந்துக் காருக்குத் தோல், இத்தாலிக் காருக்குத் துணி. எடுக்க வந்த அன்று, கைக்குட்டையால் பானட்டைத் துடைத்துக்கொண்டே ஒப்பிட்டார்.

"இங்கிலாந்துக்காரன் உழைப்பான், இத்தாலிக்காரன் பறப்பான். எது ஒசத்தி, அண்ணாச்சி?"

கூச்சத்தில் சிரித்து வைத்தேன்.

அப்போது கடை வாசலில் கிடந்த தகடு கிழித்து, அவருடைய டிரைவரின் காலில் ரத்தம் கொட்டியது. "மொதலாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அலறினான்.

"ஏலே, இது தோலு, கறை போவாது. அது துணி, உறிஞ்சிரும். அங்கன நிக்குத ஆட்டோவுல போ."

கைக்குட்டையைக்கூட அவர் தரவில்லை. என் துண்டால் கட்டி அனுப்பினேன்.

ஆட்டோ நகர்ந்ததும் மறுபடி பானட்டைத் துடைத்தார். "சொல்லுங்க அண்ணாச்சி, எது ஒசத்தி?"

வாசலில் கிடந்த ரத்தத்தைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த இரண்டு சீட்டும் என் கைத்தையல் என்று சொல்ல இன்றும் கூசுகிறது.