பயில்வானுக்கு அடியில்

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் குஸ்தி பார்க்க விரும்பியவர்கள் வெயிலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. கடற்கரை ஊர் என்பதால் இருட்டிய பிறகு வெளிச்சம் காட்டக் கூடாது என்று உத்தரவு. ஆகவே வடக்கேயிருந்து வந்த குஸ்திக் கம்பெனி பிற்பகலில் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பிரிவில் நான் அப்போது இளம் குமாஸ்தா. மணல் வாளிகள் வேண்டும், இரண்டு வாசல் வேண்டும், பெண்களுக்குத் தனித் தடுப்பு வேண்டும் என்று நிபந்தனைகள் பல உண்டு. ஒரு மனிதன் மேல் இன்னொரு மனிதன் எவ்வளவு நேரம் படுத்திருக்கலாம் என்பதற்கு மட்டும் நிபந்தனை கிடையாது. அந்த விதிகளோடு ஒரு ஆயுள் குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். நான் வெளியே வந்த நாள்வரை யாரும் அதைச் சேர்க்கவில்லை.

கம்பெனியின் மூலதனம் ஒரே ஒரு பயில்வான். பஞ்சாப் பக்கத்துக்காரர். எங்கள் ஆபீஸ் வாசலில் முதலில் குனிந்து, பிறகு பக்கவாட்டில் திரும்பி, இரண்டு தவணையாக உள்ளே வந்தார். ஊருக்கு ஊர் கடைசி நாளில் உள்ளூர் ஆள் ஒருவரை அவரோடு மோதவிடுவது கம்பெனி வழக்கம். முடிவு முன்பே பேசிவைத்ததுதான். முதல் ரவுண்டில் உள்ளூர் ஆள் ஓடியாடிக் கைதட்டல் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது ரவுண்டில் பயில்வான் அவரை மல்லாத்தி மேலே படுப்பார். அவர் உள்ளங்கையால் தரையைத் தட்டினால் தோற்றதாக அர்த்தம், பயில்வான் எழுந்துவிடுவார். மானேஜர் இதை விளக்கியபோது நான் பக்கத்தில் வாளிகளில் மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்ட உள்ளூர் ஆள் எங்கள் தெருக்காரர், சங்கு குளிப்பவர். என் தோள் உயரம்தான் இருப்பார். முந்தின பருவத்தில் கடலுக்கடியில் மூச்சுத் தவறி, மூக்கில் ரத்தத்தோடு தூக்கப்பட்டவர். அதன் பிறகு கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்துவந்த சங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுபடி இறங்க வேண்டும் என்ற ஆசை தீரவில்லை. கயிறு பிடிக்கத்தான் ஆள் இல்லை. குளிப்பவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை, தோணியில் அவர் மனைவியின் சகோதரன் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடியிலிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலி அது என்பதால் அவன் கண்ணயர மாட்டான். அவனே மாட்டேன் என்றுவிட்டால் வேறு எவனும் அந்தக் கயிற்றைத் தொட மாட்டான். இவருடைய மச்சான் மாட்டேன் என்றுவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் இருவரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“கிளார்க்கையா, நீங்கதான் சாட்சி,” என்றார் சங்கு குளிப்பவர். “நாளைக்கு அந்த மலைக்கு அடியில கெடக்கப் போறேன். ரவுண்டு முடிஞ்சு மணி அடிக்கிற மட்டும் தரையத் தட்ட மாட்டேன். தட்டலைன்னா மச்சான் மறுபடி கயிறு பிடிக்கணும்.”

“ஏலே மாப்ளே, அவன் உக்காந்தா கட்டிலே முறியுதாம். ஒனக்குக் கிறுக்கா?” என்றார் மச்சான்.

“கடல விடவா கனம்?”

“கடல்ல கெடந்தா நான் தூக்குவேன். அங்கன எவன் தூக்குவான்?”

“தூக்கவே வேண்டாம்ங்கேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லும்.”

“தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவ அறிஞ்சா பயில்வான் எதுக்கு? அவளே என்னக் கவுத்திருவா.”

மச்சான் சிரிக்கவில்லை. “மணி அடிக்கிற மட்டும் தட்டாமக் கெடந்தா பிடிக்கேன்,” என்றார்.

உங்கள் குடும்ப விவகாரத்துக்கு நான் எதற்கு என்று கேட்டேன். “நடுவுல பொய் சொல்லாத ஆளு ஒண்ணு வேணும்லா?” என்றார் சங்கு குளிப்பவர். முனிசிபல் ஆபீஸைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கொண்ட இன்னொருவரை நான் பிறகு சந்திக்கவில்லை.

மறுநாள் முதல் ரவுண்டு சிரிப்பாகவே போனது. அவர் பயில்வானைச் சுற்றிச் சுற்றி ஓடினார், முதுகில் தொற்றினார். “ஏணி கொண்டாரவா?” என்று ஒருவன் கத்தினான். “காதப் பிடிச்சு ஏறுலே!” என்றான் இன்னொருவன். பயில்வானும் காதைப் பிடிக்கக் கொடுத்து, வலிப்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

இரண்டாவது ரவுண்டில் பயில்வான் அவரைத் தூக்கி மேடையின் ஓரமாகக் கிடத்தி, மேலே கவிழ்ந்தார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு தலையும் ஒரு கையும்தான். “தட்டு, தட்டு,” என்று மானேஜர் மூலையிலிருந்து சொன்னார். பயில்வான் அவர் காதருகே தன் பாஷையில் ஏதோ கெஞ்சுவதுபோலச் சொன்னார். அடியில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கியது. மச்சான் என் பக்கத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை தரையைத் தட்டவில்லை. துழாவி, மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறுகளில் அடிக்கயிற்றைப் பற்றி, ஒரு முறை இழுத்தது.

நான் திரும்புவதற்குள் மச்சான் மேடையில் இருந்தார். பயில்வானின் தோளைத் தள்ளி, தங்கை புருஷனை அக்குளில் கைகொடுத்து இழுத்தெடுத்தார். மணி இன்னும் அடித்திருக்கவில்லை. வெளியாள் மேடையேறியதால் உள்ளூர் ஆள் தோற்றதாக நடுவர் அறிவித்தார். விதிப்படி சரியான தீர்ப்பு. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

உதடு நீலம் பாரித்தவரைக் காற்றுக்காக வெளியே தூக்கிப்போனார்கள். என்னையும் மச்சானையும் பயில்வான் திரைக்குப் பின்னால் அழைத்தார். அவ்வளவு பெரிய முகத்தில் கண்ணீர் வழிய நெடுநேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை மானேஜர் தமிழில் சொன்னார்: “அவர் பாரமே வைக்கலையாம். முழங்கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் படுத்தாராம். யாரையும் நசுக்காமப் படுக்கறதுதான் அவர் தொழிலாம். இந்த ஆளுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறார்.”

பயில்வான் முழங்கைகளைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தது. மச்சான் அந்த முழங்கைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், “பாரமே இல்லாம மூச்சு நின்னிருக்கு. இத மாப்ள அறிய வேண்டாம், ஐயா,” என்றார்.

வெளியே மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தார். “எதுக்கு ஏறி வந்தீரு? மணி அடிக்கப் போற நேரம்லா? நான் கயித்த இழுத்தேன்னு சொல்லுவீரு.”

“நீ இழுக்கல மாப்ளே. நான்தான் பயந்துட்டேன். இனி எவனுக்கும் கயிறு பிடிக்க நான் லாயக்கில்ல.”

சொன்னதை மெய்யாக்குவதற்காக மச்சான் தோணியையே விட்டார். வேறு யாருக்காவது கயிறு பிடித்தால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும் அல்லவா? வேம்பார்ப் பக்கம் உப்பளத்துக்குக் கூலியாகப் போனார். மாப்பிள்ளை கடைசிவரை கரையிலேயே சங்கு கழுவினார்.

மாதா கோயில் திருவிழாவுக்கு மச்சான் தங்கை வீட்டுக்கு வருவார். உப்பில் வெடித்த கால்களோடு அவர் இலையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஆரம்பிப்பார்: “என்னக் கடல்ல எறங்க விடாமப் பண்ணுன மகராசன் வந்திருக்காரு, நல்லா ஊத்துங்க கொழம்ப.” அப்புறம் அடுத்த இலையில் இருக்கும் என் பக்கம் திரும்புவார். “கிளார்க்கையா, சாட்சி சொல்லும். நான் தரையத் தட்டினேனா?”

“தட்டவில்லை,” என்பேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது ஆபீஸ் பழக்கம்.

“கேட்டீரா மச்சான்?”

“கேட்டேன் மாப்ளே,” என்று அவர் குனிந்து சாப்பிடுவார்.