சவரிமுத்து மாஸ்டர் எழுதிய ஒரு சொல்

லிந்துலையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் பள்ளிக்கூட வாசலில் இறங்கி, சவரிமுத்து மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று சொன்னார். பூண்டுலோயாவில் நான் இப்போது படிப்பிக்கும் வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

எட்டு வருடம் நாங்கள் ஒரே தோட்டப் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். மாஸ்டருக்கு ஆங்கிலப் பைத்தியம். ஒரு சொல் கிடைத்தால் அதன் அப்பன் பாட்டன் வரை விசாரிக்காமல் விடமாட்டார். கூட்டத்தைக் கலைக்கப் பொலிசார் கத்தும் 'டிஸ்பர்ஸ்' ஒருநாள் அவரிடம் அகப்பட்டது. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டு வந்து, “இது லத்தீன் சொல்லுங்க. தூவுறதுன்னு அர்த்தம். வெதை தூவுறதுக்கும் இதே சொல்லுதான். பொலிஸ்காரங்க வாயில விழுந்து கெட்டுப்போச்சு” என்றார்.

இந்தியாவிலிருந்து வந்த வழியினர் என்று தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலம் அது. தன் மனுவைத் தானே எழுதக் கூச்சப்பட்டு என்னிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்த மொட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கூடப்பிறந்த ஒரே தம்பி அந்தோணியின் மனுவை மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து அவரே எழுதினார். உறவினர் விவரம் கேட்ட இடத்தில், குடும்பம் லிந்துலை, திம்புள்ள, பூண்டுலோயா என்று 'டிஸ்பர்ஸ்ட்' ஆகியிருப்பதாக எழுதினார். மூன்று இடத்திலும் வேர் விட்டிருக்கிறோம் என்பது அவர் நினைப்பு.

விசாரித்த அதிகாரி அந்தச் சொல்லில் விரலை வைத்தார். சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கு நிலையான இருப்பிடம் ஏது என்று கேட்டார். மாஸ்டர் எழுந்து லத்தீனை விளக்கப் போனார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு நான் எழுதிய மனு ஏற்கப்பட்டது. அந்தோணியின் மனு தள்ளப்பட்டது.

தள்ளுவதற்கென்றே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு காற்புள்ளியே போதும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அவர் கேட்கவில்லை. “என் தம்பிய நாந்தாங்க நாடு கடத்துனேன்” என்பார். தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது அந்தோணி, “நல்லதுக்குத்தானே எழுதுனீங்கண்ணே” என்று அவர் காலைத் தொட்டாராம். திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தேறியிருப்பார். அதன் பிறகு அவர் எவருக்கும் மனு எழுதிக் கொடுக்கவில்லை.

நேற்று அடக்கம். அந்தோணிக்குத் தந்தி போய்ச் சேர்ந்திருக்கும். பிறந்த மண்ணுக்கு வர அவருக்கு யார் விசா கொடுப்பார்கள்? மாஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி போட வேண்டிய முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். மழை ஈரத்தில் அது கையை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர், இங்கேயே இருங்கள். நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா என்று இனி உங்களை எவனும் கேட்க மாட்டான்.