ரஞ்சிதத்துக்குக் கிடைத்த மருந்து

அன்பான விசுவாசிகளே, சற்று முன் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினாளே, அவள்தான் என் மனைவி ரஞ்சிதம். அவள் பிழைக்க மாட்டாள் என்று நான் கலங்கி நின்ற நாட்கள் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பாம்பன்காரன். கம்பவுண்டர் படிப்புக்காக, ரயிலில் அரை நாள் தூரத்திலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். டாக்டருக்குப் படிப்பவர்களும் அங்கேதான் பயிற்சி பெற்றார்கள். முதலில் மருந்து கலக்கும் அறையில் வேலை. பிறகு எங்களை முறை வைத்து வார்டுகளுக்கு அனுப்பினார்கள். டாக்டர் பின்னாலேயே போய், யாருக்கு என்ன மருந்து, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று படுக்கை படுக்கையாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆண்கள் வார்டு முறை வந்திருந்தபோது, என் தகப்பனார் அய்யா ரஞ்சிதத்தை ரயிலில் கூட்டிவந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கைத்தாங்கலாக இறக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"ரொம்ப நாளாக் காய்ச்சல்லே. ஒனக்குச் சொல்லிவிட வேணாம்னு அவதான் தடுத்தா. படிப்பு கெட்டுருமாம்," என்றார் அய்யா.

பெண்கள் வார்டில் சேர்த்தோம். டைபாய்டு என்றார் டாக்டர். அதற்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. வார்டில் அது வேலை செய்வதை நானே பார்த்திருந்தேன். ஆனால் அந்தச் சமயம் ஊரில் எங்கேயும் அது கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வர வேண்டும். டாக்டர் என் தோளில் கை வைத்து, "அதுவரை தாங்குவாளான்னு சொல்ல முடியலப்பா," என்றார்.

மருந்து அறைக்குப் பின்னாலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜெபம் செய்ய வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, யார் யாருக்கோ என் கையால் மருந்து கொடுக்க வைத்தீர். இவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீர் கொடும்," என்று மட்டும் கேட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அங்கே எனக்காகக் காத்திருந்தவர்களும் நோயாளிகள்தானே.

கீழக்கரை வியாபாரி மரைக்காயர் ஒருவர் வயிற்றுப் புண்ணுக்காகப் படுத்திருந்தார். மருந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தினமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, கடல் கதை பேசிப் பேசிக் குடிக்க வைப்பேன். அன்று நான் பேசவில்லை. அவரே கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "ஏன் தம்பி, கண்ணு செவந்து கெடக்கு?" என்றார்.

சொன்னேன். மருந்தின் பெயரையும் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த மகனைப் பார்த்தார்.

"ஒன் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ கொழும்புலேருந்து கொண்டாந்தியே, அந்த மருந்துதானே?"

"அதேதான் வாப்பா. ரெண்டு சீசா வாங்கினேன். ஒண்ணு இன்னும் ஒடைக்காம வீட்டுல இருக்கு."

"அப்ப ஏன் நிக்கிற? பஸ்ஸைப் புடி."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மகன் வந்து சேர்ந்தார். சீசாவைத் துண்டில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். டாக்டர் மூடியையும் காலக்கெடுவையும் சரிபார்த்து, "நீயே போய்க் கொடு," என்றார். அவள் தலையைத் தாங்கி முதல் மாத்திரையை விழுங்க வைத்தேன்.

காய்ச்சல் உடனே விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. ஒரு காலையில் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. ரஞ்சிதம் கண் திறந்து, "ஏங்க, இளைச்சுப் போயிட்டீங்களே," என்றாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

மரைக்காயரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார் என்றேன். அவர் சிரித்தார். "நானும் அந்தப் புள்ளைக்காக துஆ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி. நல்லாருக்கட்டும்," என்றார்.

அன்று முதல், மருந்து யார் கையில் கொடுத்தாலும் அவர் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஜெபிக்காமல் நான் கொடுத்ததில்லை. சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். கேட்க வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்த படுக்கைக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கப் போங்கள். எந்த வாசல் வழியாக ஆண்டவர் பதில் அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அனுப்புவார். அதற்குச் சாட்சி, இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.