பிணம் சிரிக்க வேண்டும்

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நடித்த சாவு ஒட்டிக்கொள்ளுமாம். எட்டு வயதிலேயே எனக்கு இது தெரியும். என் பெரியப்பா புண்ணியம்.

பெரியப்பா நாடகத்தில் ராஜா. சிங்கம்புணரிப் பக்கத்துத் திருவிழாக்களில் காலமெல்லாம் கிரீடம் சுமந்தவர். அவர் சிரிப்பைக் கேட்கவென்றே கூட்டம் வரும். மைக் வேண்டாம், கடைசி வரிசையில் தூங்குகிற பிள்ளைகூட வீரிட்டு எழுந்துவிடும். அப்புறம் சினிமாவுக்குப் போனார். அங்கே படத்துக்குப் படம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் துண்டோடு நின்றார். "அண்ணன் எந்த மூலைல நிக்கிறாகன்னு பூதக்கண்ணாடி வச்சுல்ல தேடணும்" என்று அப்பா வாய் கூசாமல் குத்துவார்.

அந்த வருடம் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு. "இந்தத் தடவை ஜமீன்தாரே நான்தான். கதையே என்னையச் சுத்தித்தான்" என்றார் பெரியப்பா. "ஆனா யாரும் வந்துறாதீக, கூட்டம் நெரிக்கும்." பெரியம்மா கேட்பாளா? கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. ஜமீன்தார்தான். முதல் காட்சியிலேயே செத்துக் கிடக்கிற ஜமீன்தார். கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒற்றை ரூபாய்.

பெரியம்மா வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடி அவர் காலில் விழுந்தாள். "கிரீடம் வச்ச தலையில காச ஒட்டிட்டாய்ங்களே! இதுக்கா இத்தன வருசம் ஓடுனீக!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். இழுக்க வந்தவர்களை டைரக்டர் தடுத்தார். "யாரும் தொடாதீங்க! கேமரா ஓடட்டும்!"

பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. பிணம் அசையக் கூடாதே. பெண்டாட்டி காலடியில் கதறுகிறாள், அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். தொழில் சுத்தம்!

காட்சி முடிந்ததும் ஒரே கைதட்டல். டைரக்டர் பெரியம்மாவைக் கும்பிட்டார். "என்னா நடிப்பும்மா!" பிறகுதான் ஒருவருக்கு வழக்கம் ஞாபகம் வந்தது. "சார், கேமராவப் பார்த்துச் சிரிங்க."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை.

"சிரிங்க, சாமி. ஆகாதுங்க. எனக்காகச் சிரிச்சுருங்க" என்று பெரியம்மா அவர் மோவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. "சரி விடுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது பெரியப்பாவும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "பெரியப்பா, பெரியம்மா உங்கள விட நல்லா நடிக்கிறாக!" என்றேன்.

அப்போது சிரித்தார். அதே ராஜா சிரிப்பு. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் தூங்கிய பிள்ளை வீரிட்டது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, சிரிச்சுட்டாக" என்றாள்.

அதற்கப்புறம் பெரியப்பா மேடையும் ஏறவில்லை, சினிமாவுக்கும் போகவில்லை. கேமராவுக்கே சிரிக்காதவரைச் சிரிக்க வைத்தது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.